மாமியாருக்கு இன்னொரு மாத்திரை

"வலியே இல்லைங்க. வலிச்சிருந்தா அன்னிக்கே தூக்கிட்டு ஓடி வந்திருப்பேன்ல?"

யாரும் எதுவும் கேக்கலை. ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சுல பக்கத்துல இருந்த ஆளு, கையில மாவுக்கட்டுப் போட்டுக்கிட்டு, சுவத்து டிவியில சத்தமில்லாம ஓடுற பந்து விளையாட்டைப் பார்த்துக்கிட்டிருந்தாரு. அவரு திரும்பி, மரியாதைக்கு, "யாருக்கு?"ன்னாரு.

"வீட்டுக்காரிக்கு. கழுத்துல நெறி கட்டிச்சு. வலிக்காத கட்டின்னா நல்ல கட்டின்னு தானே நினைப்போம்? இங்க எல்லாம் தலைகீழா இருக்கு." சொல்லிட்டு லிப்ட்காரரு கையைப் பிசைஞ்சாரு. லிப்ட் ரிப்பேர் பார்க்கிறது தொழில், அதனால அந்தப் பேரு. "உங்களுக்குக் கை என்னாச்சு?"

"படியில வழுக்கிட்டேன்."

"லிப்ட் இல்லையா?"

"இருக்கு. ரெண்டு வாரமா ரிப்பேரு."

அந்தக் கட்டடம் எங்க இருக்குன்னு கூட லிப்ட்காரருக்குத் தெரியாது. ஆனாலும் அவரே வந்து பார்க்காம விட்ட மாதிரி முகம் சுண்டிப் போச்சு. ஊர்ல எந்த லிப்ட் நின்னாலும் தன் தலையில போட்டுக்கிற மனுஷன். அந்த ஆஸ்பத்திரி லிப்ட்டும் மூணாவது மாடிக்கு வரும்போதெல்லாம் ஒரு கிறீச் போட்டுச்சு. கதவுக்கு அடியில ஓடுற உருளை தேய்ஞ்சிருக்கு, கேட்டாலே தெரியுது. ஆனா அது வேற கம்பெனி லிப்ட். கை வைக்கக் கூடாது. சும்மா உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருக்கணும்.

எதிர் ரூம்ல அவரு வீட்டுக்காரியை எடை பார்க்கக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. இன்னிக்கு ரிசல்ட் சொல்ற நாள். கழுத்துல இருக்கிறது பழைய வியாதியோட வேலையா, இல்லை கேன்சரா? அது தெரியணும். தெரிஞ்ச பிறகு, தாங்க செஞ்ச கூத்துல எவ்வளவு காலம் வீணாப் போச்சுன்னும் தெரியணும். இந்த ரெண்டாவதுதான் அவரு நெஞ்சுல கல்லாக் கிடந்துச்சு.

அவளைப் பத்தி முதல்ல சொல்லிடணும். தெருவுல அவளுக்குப் பேரு குடைக்காரி. மழைக்காலம் வெயில்காலம்னு இல்லை, வீட்டு வாசல் தாண்டினா தலைக்கு மேல குடை விரியும். மேகம் மூடி ஊரே இருட்டிக் கிடந்தாலும் விரியும். "என்ன குடைக்காரி, நிலா வெளிச்சத்துக்குமா?"ன்னு பக்கத்துக் கடைக்காரன் கிண்டல் பண்ணுவான். "ஆமா, நிலா என்னையப் பார்த்துப் பொறாமைப்படுது"ன்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருப்பா.

மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை. விக்கிற வேலை இல்லை, உள்ரூம் வேலை. ஃபிரேமைச் சூடு காட்டி இளக்கி, லென்ஸை உள்ள பொருத்தி, எள்ளு சைஸ் திருகாணியைத் திருகி, மூக்குல உட்கார்ற குமிழைச் சரி பண்ணி, வர்றவங்க காதுக்கு ஏத்த மாதிரி கம்பியை வளைச்சுக் கொடுப்பா. குனிஞ்சு அடுத்தவங்க முகத்தைப் பக்கத்துல வச்சுப் பார்க்கிற வேலை. "ஊர்ல யாருக்கு மூக்கு கோணல், யாருக்கு ஒரு காது இறக்கம்னு எனக்குத்தான் தெரியும். வெளிய சொன்னா பாதிக் கல்யாணம் நின்னுடும்"ம்பா.

கல்யாணம் ஆன புதுசுல அவளுக்கு ரெண்டு கன்னத்துலயும் மூக்கு மேலயும் சிவப்பாத் தடிச்சுக்கிட்டு வந்துச்சு. கண்ணாடிகளைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறதால வந்த தடம்னு நினைச்சாங்க. களிம்பு போட்டாங்க. அப்புறம் விரல் முட்டி வீங்குச்சு, காய்ச்சல் வந்து வந்து போச்சு, வாய்க்குள்ள புண்ணு. கடைசியில ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு லூபஸ்ன்னாங்க. நோய்க் கிருமி வந்தா எதிர்த்து நிக்க உடம்புக்குள்ள காவல்காரங்க இருப்பாங்களாம். இவ உடம்புல அந்தக் காவல்காரங்களே வீட்டு ஆளைத் திருடன்னு நினைச்சு அடிக்கிறாங்களாம். வெயில் பட்டா இன்னும் வெறியாவாங்களாம். பொம்பளைங்களுக்குத்தான் பெரும்பாலும் வருமாம். "அதையும் எங்களுக்கே ஒதுக்கி வச்சிருக்கான் பாரு"ன்னா அவ. குடை அன்னிக்கு வந்துச்சு வீட்டுக்கு.

ரெண்டு தடவை வயித்துல தங்கி, தங்காமப் போச்சு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே அவங்க எடுக்கலை.

லூபஸ்ங்கிற பேரு அவ வாயில நுழைஞ்சுச்சு, ஆனா அவளுக்குப் பிடிக்கலை. அவளுக்கு மாமியார் கிடையாது. லிப்ட்காரரோட அம்மா அவரு சின்னப் பையனா இருக்கும்போதே போய்ச் சேர்ந்துட்டாங்க. அதனால ஒரு நாள் சொன்னா, "எனக்கு மாமியார் இல்லைங்கிற குறையைத் தீர்த்துட்டாருங்க கடவுள். சொல்லாமக் கொள்ளாம வர்றது, எங்க கை வச்சாலும் குத்தம் சொல்றது, போன்னும் சொல்ல முடியாது, மரியாதையும் குறைக்க முடியாது. இது லூபஸ் இல்லை, உங்க அம்மாதான்." அன்னியிலேர்ந்து அந்த வீட்டுல அதுக்குப் பேரு மாமியார்.

"என்ன இன்னிக்கு எந்திரிக்கலை?"

"மாமியார் வந்திருக்காங்க."

"எங்க உட்கார்ந்திருக்காங்க?"

"ரெண்டு மணிக்கட்டுலயும் முட்டியிலயும்."

அப்படிப் பேசிப் பேசியே அதைப் பழக்கிக்கிட்டாங்க. நாய் வளர்க்கிறவங்க அதோட குரைப்பை வச்சே யாரு வர்றாங்கன்னு சொல்லுவாங்கல்ல, அது மாதிரி இந்தச் சிவப்புன்னா வெயில், இந்தச் சோர்வுன்னா வேலை அதிகம்னு ரெண்டு பேரும் கணக்கா வச்சிருந்தாங்க.

ஒரு மழைக்காலத்துல ரோடெல்லாம் தண்ணி நின்னு ஆஸ்பத்திரிக்குப் போக முடியலை. அவளுக்குக் காய்ச்சலும் வீக்கமும். லிப்ட்காரரு போன் பண்ணினாரு. டாக்டரம்மா, "தினம் சாப்பிடுறாங்களே, அந்த ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் கொஞ்ச நாளைக்கு ஒண்ணு கூட்டிக் கொடுங்க. ரோடு சரியானதும் கூட்டிட்டு வந்துடுங்க"ன்னாங்க. கொடுத்தாரு. சொடக்குப் போட்ட மாதிரி அடங்கிடுச்சு. டாக்டரம்மா சொன்னது அந்த ஒரு தடவைக்கு. இவங்க அதையே வீட்டு வழக்கமாக்கிட்டாங்க. மாமியார் வந்தா மாமியாருக்கு இன்னொரு மாத்திரை. அடங்கினதும் பழையபடி. அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது, "எல்லாம் நல்லா இருக்குங்க டாக்டர்." நல்லாத்தானே இருந்துச்சு!

சொன்ன டெஸ்டுல ஒண்ணையும் விட்டவ இல்லை. லூபஸ் இருக்கிற பொம்பளைங்க கர்ப்பப்பை வாயைத் தவறாமப் பரிசோதனை பண்ணிக்கணும், அவங்களுக்கு அங்க கோளாறு வர்றது கொஞ்சம் ஜாஸ்தின்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. ஒவ்வொரு தடவையும் முணுமுணுத்துக்கிட்டே போவா. "என்னைய என்ன பண்றாங்கன்னு பார்க்காம இருக்கவாவது மாமியாரை வெளிய நிறுத்தி வைக்கணும்"னு சொல்லிட்டுப் போவா. அதுல எதுவும் வரலை. அதனால அவங்க மனசுல ஒரு தைரியம். இது ஒண்ணு இருக்கிற வீட்டுக்கு இன்னொண்ணு வராது, இருக்கிற மாமியார் இன்னொருத்தியை வாசப்படி ஏற விட மாட்டாங்கன்னு. அதைச் சொல்லிச் சிரிச்சுக்குவாங்க. சிரிக்கச் சிரிக்க நம்பியும் போயிட்டாங்க.

ஒரு நாள் கடையில, கண்ணாடியில மாட்டிக் கழுத்துல தொங்கப் போடுற கயிறு புதுசா வந்திருந்துச்சு. அவ ஒண்ணை எடுத்துப் போட்டுக்கிட்டு, நிலைக்கண்ணாடி முன்னாடி திரும்பித் திரும்பிப் பார்த்தா. கயிறு ஒரு பக்கம் ஏத்தமா நின்னுச்சு. இழுத்து விட்டா. மறுபடி ஏத்தம். கையை வச்சா, திராட்சைப் பழம் மாதிரி ஒண்ணு, தோலுக்கு அடியில.

வீட்டுக்கு வந்து அவருகிட்ட காட்டினா. தொட்டுப் பார்த்தாரு. "வலிக்குதா?"

"இல்லை. சாயங்காலமானா காய்ச்சல் மாதிரி இருக்கு. அசதி."

"மாமியார்தான்."

"வேற யாரு?"

லூபஸ்ல நெறி கட்டுறது புதுசு இல்லை. முன்னாடி ஒரு தடவை அக்குள்ல கட்டித் தானா அடங்கியிருக்கு. அதனால ரெண்டு பேருமே யோசிக்கலை. இன்னொரு மாத்திரை. அது மட்டும் இல்லை, கட்டி கண்ணுக்குத் தெரியுதேன்னு இன்னும் ஒரு பாதி.

அடங்கிடுச்சுங்க. அதான் கொடுமை. திராட்சை மிளகாச்சு, மிளகு தேடினாலும் கிடைக்கலை. காய்ச்சலும் போச்சு. லிப்ட்காரரு தினமும் வேலைக்குக் கிளம்பும்போது ரெண்டு விரலால தடவிப் பார்த்து, "போயிட்டாங்க உன் மாமியார், பெட்டியைக் கட்டிக்கிட்டு"ம்பாரு. அந்த ஞாயித்துக்கிழமை வெயில் இறங்கினதும் ரெண்டு பேரும் படத்துக்குப் போனாங்க. படம் மட்டம். இருந்தாலும் இடைவேளையில அவ சிரிச்ச சிரிப்புக்கு முன் வரிசைக்காரங்க திரும்பிப் பார்த்தாங்க.

அவ மெலிய வேற ஆரம்பிச்சா. மாத்திரையால ஊதியிருந்த முகம் வத்தி, தாடை எலும்பு தெரிஞ்சுச்சு. கடையில எல்லாரும், "என்ன ரகசியம், சொல்லு, நாங்களும் இளைக்கிறோம்"னாங்க. அவளும் புதுசா ஒரு ஃபிரேமை எடுத்துப் போட்டுக்கிட்டு வந்து அவருகிட்ட காட்டினா. "கல்யாணத்தப்ப இருந்த மூஞ்சி திரும்பி வந்துடுச்சு பாருங்க." அவரும் பார்த்தாரு. அழகாத்தான் இருந்தா. அதைத்தான் இப்பவும் அவரால மறக்க முடியலை. அழகா இருக்குன்னு சொல்லி ரசிச்சதை.

மாத்திரையைப் பழைய அளவுக்கு இறக்கின கொஞ்ச நாள்லயே கட்டி திரும்பி வந்துச்சு. இந்தத் தடவை தனியா வரலை, கூட்டாளியோட வந்துச்சு. கழுத்துல ஒண்ணு பெரிசா, காலர் எலும்புக்கு மேல ஒண்ணு, அக்குள்ல ஒண்ணு. தூங்கி எந்திரிச்சா தலையணை வேர்வையில நனைஞ்சு கிடக்கும். அவரு இன்னொரு மாத்திரையைக் கையில எடுத்துக்கிட்டு நின்னாரு. அவதான், "வேண்டாங்க. இது மாமியார் நடை இல்லை"ன்னா.

டாக்டரம்மா கழுத்தைத் தொட்டதுமே முகம் மாறிச்சு. சதை எடுத்துப் பார்க்கச் சொன்னாங்க. எடுத்தாங்க. ஒரு வாரம் கழிச்சு வந்த பதில், தெளிவா இல்லை. கேன்சர்னும் சொல்ல முடியலை, இல்லைன்னும் சொல்ல முடியலை. டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்து, "ஸ்டீராய்டு மாத்திரையைக் கூட்டிச் சாப்பிட்டீங்களா?"ன்னாங்க.

லிப்ட்காரரு பெருமையா, "ஆமா டாக்டர், நீங்க அன்னிக்குச் சொன்ன மாதிரியே. கட்டி கூட அடங்கிடுச்சு"ன்னாரு.

டாக்டரம்மா கத்தலை. கத்தியிருந்தாத் தேவலை. பேனாவை வச்சுட்டு, சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னாங்க. "ஐயா, இந்த மாத்திரை லூபஸ் வீக்கத்தையும் அமுக்கும். நெறிகட்டுல வர்ற கேன்சரையும் கொஞ்ச நாளைக்கு அமுக்கும். குணமாக்காது, அமுக்கும். அமுங்கிக் கிடக்கும்போது சதை எடுத்தா, உள்ள யாரு இருக்காங்கன்னு அடையாளமே தெரியாது."

லிப்ட்காரருக்குத் தெரியாத விஷயமா இது? லிப்ட் நின்னுடுச்சுன்னா, கண்ட்ரோல் பெட்டியில, என்ன கோளாறுன்னு ஒரு நம்பர் காட்டும். அதைப் பார்க்காம அவசரத்துல ரீசெட் அடிச்சா, லிப்ட் ஓடும், ஆனா நம்பர் அழிஞ்சுடும். அப்புறம் அது மறுபடி எப்ப, எந்த மாடியில, யாரை உள்ள வச்சுக்கிட்டு நிக்குமோன்னு காத்துக்கிடக்கணும். புதுசா வேலைக்கு வர்ற ஒவ்வொருத்தனையும் இதுக்காக அவரு காதைத் திருகாத குறையாத் திட்டியிருக்காரு. பொண்டாட்டி உடம்புல அவரே ரீசெட் அடிச்சிருக்காரு. அடிச்சுட்டு, ஓடுதுன்னு கை தட்டியிருக்காரு.

"இது எப்படி டாக்டர்?"ன்னு அவ கேட்டா. "ஒருத்திக்கு ஒரு நோய் போதாதா?"

"லூபஸ் இருக்கிற எல்லாருக்கும் வராதும்மா. பெரும்பாலானவங்களுக்கு வராது. ஆனா மத்தவங்களோட பார்த்தா கொஞ்சம் கூடுதலாத்தான் வருது. அந்தக் காவல்காரங்க ஓய்வே இல்லாம சண்டை போட்டுக்கிட்டு, பெருகிக்கிட்டே இருக்காங்க. அவ்வளவு பெருகும்போது எங்கயாவது ஒண்ணு தப்பாப் பொறந்துடலாம்."

"மாத்திரையால வந்துச்சா?"ன்னாரு லிப்ட்காரரு. அந்தக் கேள்வியைக் கேக்க அவரு பட்ட பாடு.

"சில மருந்துக்கு ஒரு பங்கு இருக்கலாம். நோய்க்கும் பங்கு இருக்கு. பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது. ஆனா மருந்தே சாப்பிடாம இருந்திருந்தா இவங்க சிறுநீரகம் எப்பவோ போயிருக்கும்." அப்புறம் அவங்களே, "எல்லாக் கேன்சரும் கூடுதலா வர்றதில்லை. மார்புல வர்ற மாதிரி சிலது இவங்களுக்குக் கொஞ்சம் குறைவுன்னு கூடப் பார்த்திருக்காங்க"ன்னாங்க.

"அட, தள்ளுபடி எல்லாம் உண்டா டாக்டர்?"ன்னா அவ. டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துடுச்சு. லிப்ட்காரருக்கு மட்டும் வரலை.

மறுபடி சதை எடுக்கணும். அதுக்கு முன்னாடி மாத்திரையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்கணும். பல வருஷம் சாப்பிட்ட மாத்திரை, பட்டுன்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. அதனால டாக்டரம்மா கண்ணு முன்னாடி, படிப்படியா. "குறைச்சா லூபஸ் சும்மா இருக்காது. தாங்கிக்கணும்"னாங்க.

அந்த நாட்களைத்தான் லிப்ட்காரராலே சொல்ல முடியாது. மாத்திரை இறங்க இறங்க அவளோட விரல் எல்லாம் வீங்கி, மடங்க மாட்டேன்னுச்சு. கடையில லீவு போட்டா. கன்னம் நெருப்பாச் சிவந்துச்சு. ஒரு டம்ளரைத் தூக்கினா கை நடுங்கிக் கீழே வைக்கணும். சமையல் அறை மேடையிலதான் மாத்திரை டப்பா இருக்கு. கை நீட்டினா எட்டுற தூரம். அதை எடுத்துக் கொடுத்தா நாளைக்கே எந்திரிச்சு உட்காருவா. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கொடுக்கக் கூடாது. வீட்டுல ஒரு குழாய் சொட்டினாலும் பொறுக்காத மனுஷன், அவ முனகுறதைக் கேட்டுக்கிட்டு, வெந்நீர் வச்சு, காலைப் பிடிச்சு விட்டு, ஜன்னல் திரையை இழுத்து இழுத்து மூடிக்கிட்டு இருந்தாரு. மூடின திரையையே போய் மறுபடி மூடினாரு.

"உட்காருங்களேன். நீங்க நடக்கிறதைப் பார்த்தா எனக்கு முட்டி வலிக்குது"ன்னா அவ.

அந்த நேரத்துலதான் அவரோட அக்கா புதுப் பேரனைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. அந்தப் பயலைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும். பொறந்து மாசம் கூட நிறையலை, ஆனா ஒரு கொட்டாவி விடுவான் பாருங்க, ஆபீஸ்ல இருந்து களைச்சு வந்த பெரிய மனுஷன் தோத்தான். தூக்கத்துல சிரிப்பான், அப்புறம் எதுக்குச் சிரிச்சோம்னு புருவத்தைச் சுருக்குவான். அவனைக் கையில வச்சுக்கிட்டா, வந்த வேலை, போற வேலை எல்லாம் மறந்து போகும். டாக்டரம்மாகிட்ட கேட்டு, வீட்டுல யாருக்கும் சளி இல்லைன்னு பார்த்து, கையைக் கழுவிட்டுத்தான் கொண்டு வந்தாங்க.

"இந்தா பிடி, குடைக்காரி"ன்னு அக்கா நீட்டினாங்க.

அவ கையைப் பின்னால வச்சுக்கிட்டா. "வேண்டாம் அண்ணி. கை நிக்காது. போட்டுடுவேன்."

"போட்டா என் மடியிலதான்டி விழுவான்"னு சொல்லி, அக்கா மெத்தையில அவ பக்கத்துலயே கிடத்திட்டாங்க. அவ ஒருக்களிச்சுப் படுத்து, மாஸ்க்குக்கு மேல ரெண்டு கண்ணால மட்டும் பார்த்தா. "மூக்கு நேரா இருக்கு அண்ணி. காதும் ரெண்டும் சமம். எந்த ஃபிரேமும் நிக்கும்"ன்னா. பயல் அதுக்குப் பதிலா, கால் ரெண்டையும் உதைச்சு, அவ நைட்டி மேல பீய்ச்சி அடிச்சான்.

"ஐயோ!"ன்னு அக்கா பாய்ஞ்சாங்க.

"விடுங்க அண்ணி, விடுங்க!" அவ சிரிச்சா. முட்டி வலிக்க வலிக்க, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. "எல்லாரும் என்னையக் கண்ணாடிச் சாமான் மாதிரித் தொடுறீங்க. இவன் ஒருத்தன்தான் மனுஷியா மதிச்சிருக்கான்."

வாசல்ல நின்னுக்கிட்டிருந்த லிப்ட்காரரு உள்ள வரலை. திரும்பிப் போய் வெந்நீர் அடுப்பைப் பத்த வச்சாரு. அக்கா பின்னாடியே போனாங்க.

"என்னடா அழுற?"

"நான் எங்க அழுதேன்?"

"சரி அழலை. மூக்கைத் துடை."

"நான்தான் அக்கா கொடுத்தேன். என் கையால."

வாய்க்கு வாய் பேசுற அக்கா. அன்னிக்குப் பேரனோட துணியைப் பிழிஞ்சு பிழிஞ்சு, பிழிய ஒண்ணும் இல்லாத பிறகும் பிழிஞ்சுக்கிட்டே நின்னாங்க.

அப்புறம் ரெண்டாவது தடவை கட்டியையே முழுசா எடுத்தாங்க. எடுத்த கையோட டாக்டரம்மா மாத்திரையைப் பழைய அளவுக்கு ஏத்தினாங்க. இன்னிக்கு ரிசல்ட். அதான் இந்த பெஞ்சு, இந்தக் கிறீச் லிப்ட், இந்த மாவுக்கட்டுக்காரரு.

நர்ஸ் பேரைக் கூப்பிட்டாங்க. லிப்ட்காரரு எந்திரிச்சப்ப மாவுக்கட்டுக்காரரு, "நல்லபடியா வாங்க"ன்னாரு. இவரும், "அந்தப் படியைப் பார்த்துப் போங்க"ன்னாரு.

டாக்டரம்மா ரூம் சின்னது. ரெண்டு நாற்காலி. அவ உட்கார்ந்தா, அவரு உட்காரலை. டாக்டரம்மா சுத்தி வளைக்கலை.

"இந்தத் தடவை தெளிவாத் தெரியுதும்மா. லிம்போமாதான். நெறிகட்டுல வர்ற கேன்சர்."

அவ தலையை ஆட்டினா, கடையில லென்ஸ் நம்பர் சொன்னாக் கேட்டுக்கிற மாதிரி. "வைத்தியம் இருக்கா?"

"இருக்கு. இந்த வகைக்கு நல்லாவே இருக்கு. நிறையப் பேருக்குக் கேக்குது. உங்களுக்குக் கேக்குமான்னு ஆரம்பிச்சுட்டுத்தான் பார்க்கணும். லூபஸ் இருக்கிறதால கிருமி தொத்தாம ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்." அப்புறம் மருந்தெல்லாம் என்னென்னன்னு சொன்னாங்க. ஒண்ணு ஊசி வழியா, ஒண்ணு சொட்டுச் சொட்டா, ஒண்ணு லூபஸுக்கும் சிலபேருக்குக் கொடுக்கிற மருந்தே. "கூடவே, நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்களே, அதே ஸ்டீராய்டு மாத்திரை. இதுல அதுவும் உண்டு. இன்னும் கூடுதலா."

லிப்ட்காரரு நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டாரு. "அதே மாத்திரையா? அப்ப நான் கொடுத்தது…"

"தனியாக் கொடுத்தா ஒளிச்சு வைக்குது. மத்ததோட சேர்த்துக் கொடுத்தா வேலை செய்யுது."

"முதல்லயே கூட்டிட்டு வந்திருந்தா?"

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடி வச்சாங்க. "சின்னதா இருந்திருக்கும். அதனால எவ்வளவு வித்தியாசம் வந்திருக்கும்னு எனக்குத் தெரியாது ஐயா. ஒண்ணும் வந்திருக்காதுன்னும் சொல்ல மாட்டேன்."

அந்தப் பதிலை எங்க வைக்கிறதுன்னு அவருக்குத் தெரியலை. திட்டினாத் தலை குனியலாம், மன்னிச்சாக் கையெடுத்துக் கும்பிடலாம். இது ரெண்டும் இல்லை. அவ கையை நீட்டி, வீங்கின விரலால அவரு சட்டை நுனியைப் பிடிச்சு இழுத்து, உட்கார வச்சா.

"வேற என்ன டாக்டர்?"

"வாந்தி வரும், அசதி இருக்கும். முடி கொட்டும்மா. பெரும்பாலும் முழுசாவே. வைத்தியம் முடிஞ்சதும் திரும்ப வளரும்."

அவ கை தானாப் பின்னலுக்குப் போச்சு. தோள் வழியா முன்னால கிடந்துச்சு அது, ஒரு பக்கம் புடைச்சு, ஒரு பக்கம் பிரிஞ்சு. அதைப் பின்னினது லிப்ட்காரரு. காலையில கிளம்பும்போது அவளுக்கு விரல் மடங்கலை, சீப்பு கீழே விழுந்துடுச்சு. இவரு எடுத்து, சிக்கு எடுத்து, மூணு பிரியாப் பிரிச்சு வச்சுக்கிட்டு, இழுத்தா வலிக்குமோன்னு தொட்டும் தொடாமப் பின்னினாரு. இரும்புக் கயிறு இழுக்கிற கை. அவ கண்ணாடியில அவரைப் பார்த்துச் சொன்னா:

"இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பின்னுங்க. பயப்படாதீங்க, கையோட ஒண்ணும் வந்துடாது."